லாவா எத்தனை மணிக்கு?

நாளைக் காலை எரிமலைத் தீவுக்குப் படகு. டிக்கெட் எடுத்தாயிற்று. பிள்ளைகளின் ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைப் பழைய பிரஷ் வைத்துத் தேய்த்தாயிற்று. எரிமலைக் குழம்பு ஓடி உண்டான லாவா குகைக்குள் போக டார்ச்சும் தயார். ராத்திரி பத்தரைக்குக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மச்சான் கேட்கிறார்: "மாப்பிள்ளை, லாவா எத்தனை மணிக்கு?"

எத்தனை மணிக்காம்! மேட்னியா, ஈவ்னிங் ஷோவா?

சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வெளியே போகத் திட்டம் போட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. குரூப்பில் எல்லாம் எழுதித்தான் போட்டிருந்தேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து படகுத்துறையிலிருந்து இருபத்தைந்து நிமிஷத்தில் ரங்கிட்டோட்டோ தீவு. 259 மீட்டர் உயரம், உச்சிக்குச் சுமார் ஒரு மணி நேர நடை. ஏறக்குறைய 600 வருஷங்களுக்கு முன் வெடித்தது. பக்கத்துத் தீவு மோட்டுடாப்புவில், அந்தச் சாம்பலில் மனிதக் காலடியும் நாய்க் காலடியும் பதிந்திருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? இவ்வளவுக்கும் பதிலாக ஒரு கட்டைவிரல். அதுவும் அக்கா போட்டது.

சரி என்று பொறுமையாக எழுதினேன். "அது இப்போ எரியாது மச்சான். ஆனா நாம நடக்கப்போறதே லாவா மேலதான். கறுப்பா உறைஞ்சு கிடக்கும்."

"அது கல்லு மாப்பிள்ளை."

"உறைஞ்ச லாவா மச்சான்."

"கல்லுதானே?"

ஏதோ டைப் பண்ணுகிறார். நிறுத்துகிறார். மறுபடி டைப் பண்ணுகிறார். நான் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் காத்திருக்கிறேன். வந்து விழுகிறது ஒரு வீடியோ. ஹவாயில் கிலாவேயா எரிமலை நெருப்பைப் பீய்ச்சி அடிக்கிறது. "இந்த மாதிரி ஏதும் இருக்காதா?" இருந்தால் படகு ஏன் விடுகிறார்கள்? நாம் ஏன் இன்னும் இந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம்?

அடுத்து அக்கா. "வெறும் மலைக்கா இவ்வளவு காசு? எங்க வீட்டுப் பக்கத்துலயே மலை இருக்கே, சும்மா ஏறலாம்."

அம்மா தாயே, அதுவும் எரிமலைதான்! அவர்கள் குடியிருப்பது மவுண்ட் ராஸ்கில்லில். ஆக்லாந்தே ஐம்பதுக்கு மேற்பட்ட எரிமலைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். மச்சான் தன் நாயை ஓடவிடக் கூட்டிப்போகும் மியோலா பார்க்கைத் தாண்டிக் கடலுக்குள் நீளுகிற கறுப்புப் பாறை இருக்கிறதே, அது த்ரீ கிங்ஸ் எரிமலையில் கிளம்பிய லாவா அவ்வளவு தூரம் ஓடி வந்து உறைந்தது. இந்த வகை எரிமலைகள் பெரும்பாலும் ஒரு தடவை வெடித்து ஓய்ந்துவிடும், அடுத்தது புது இடத்தில் கிளம்பும், எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டாகவும் இருக்கலாம். அத்தனையையும் விரல் வலிக்க டைப் பண்ணி அனுப்பினேன். ஒரு நிமிஷம் அமைதி. ஆகா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்போ நாங்க எரிமலை பார்த்தாச்சுன்னு சொல்லுங்க. நாளைக்கு மால் போலாமா? ஏசி இருக்கும்."

போனைச் சோபாவில் வீசினேன். சோபாவில்தான், அதற்குத் தவணை இன்னும் முடியவில்லை.

சாப்பாட்டு விஷயம் தனி. தீவில் கடை கிடையாது, ஓடை கிடையாது, பெய்கிற மழையெல்லாம் பாறை இடுக்கில் இறங்கிவிடும், தண்ணீரைச் சுமந்துதான் போக வேண்டும் என்று சொன்னால் "ஒரு டீக்கடைகூடவா இருக்காது?" என்கிறார்கள். எலி, காட்டுப்பூனை எல்லாவற்றையும் ஒழித்து 2011-ல்தான் அதைத் தொல்லை உயிரினம் இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். அதனால் பையில் மண், விதை, எறும்பு எதுவும் இருக்கக் கூடாது. "புளியோதரை டப்பாவை இறுக்கி மூடுங்க அக்கா, எறும்பு இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க" என்று எழுதினேன். எழுதினேனா? உடனே என் மனைவிக்கு அங்கிருந்து போன். "எங்க வீட்ல எறும்பு இருக்குன்னு குரூப்புல போடறாரா உன் வீட்டுக்காரர்?" தீவுக்குள் விடக் கூடாத அர்ஜென்டினா எறும்பு என்கிற தொல்லை எறும்பைப் பற்றி நான் பேச வாயெடுக்க, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்துவிட்டது.

இப்போது மணி பன்னிரண்டு. கடைசியாக வந்த மெசேஜ்: "வர்றோம். ஆனா மதியத்துக்குள்ள திரும்பிடலாம்ல?" திரும்பும் படகு நேரத்தையும் போட்டிருக்கிறேன், மச்சான். மேலே தள்ளிப் பாருங்கள்.

அப்படியே இன்னொன்று. தீபாவளிக்கு சீரியல் லைட் கட்ட வாங்கிக்கொண்டு போன என் ஏணி எங்கே?