ஆரம்ப சூரனாம்!

சனிக்கிழமை பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். கேட்காதவர்களுக்கு ஒரே வரி: பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பிரையன் வில்சன் 'ஸ்மைல்' என்ற ஆல்பத்தைப் பாதியில் விட்டதைப் பேசியவர் கிண்டலடித்தார். பிரையன் வில்சன் "ஆரம்ப சூரன்"! கூடவே ஒரு சிரிப்பு.

அவர் உருவாக்கிய 'குட் வைப்ரேஷன்ஸ்' மூன்றரை நிமிடப் பாட்டு. பல ஸ்டுடியோக்களில், பல மாதம், துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டியது. 1966 அக்டோபரில் வந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதே முறையில் முழு ஆல்பத்தையும் செய்யப் பார்த்ததுதான் 'ஸ்மைல்'. கம்ப்யூட்டர் கிடையாது. எதற்குப் பின்னால் எது என்று கேட்டுப் பார்க்கவே டேப்பை வெட்டி ஒட்ட வேண்டும். வயது 24. வலது காது கிட்டத்தட்ட கேட்காது. ரெக்கார்டு கம்பெனியோ ஆல்பத்தின் அட்டையை லட்சக்கணக்கில் அச்சடித்து வைத்துக்கொண்டு எப்போது எப்போது என்கிறது. 1967-ல் கைவிட்டார். கைவிட்டார் ஐயா, சோம்பிக் கிடக்கவில்லை.

"போதை எடுத்தாரே?" எடுத்தார். எடுத்துக்கொண்டே வருஷத்துக்கு ஒரு ஆல்பம் போட்டவர்களும் இருந்தார்கள். "அப்போ கூட வேலை செய்தவர்களின் உழைப்பு?" நியாயமான கேள்விதான். அடுத்ததுக்குப் போவோம்.

தீயைப் பற்றிய ஒரு பகுதியைப் பதியும்போது வாசிக்க வந்தவர்கள் தலையில் தீயணைப்புத் தொப்பியை மாட்டிவிட்டார். அதே சமயத்தில் அக்கம்பக்கத்தில் ஒரு கட்டடம் எரிந்தது. தன் இசைதான் பற்றவைத்ததோ என்று மனுஷன் மிரண்டு போனார். அந்த டேப்பைக் கொளுத்திவிட்டேன் என்று பிறகு சொன்னார். கொளுத்தவில்லை, பத்திரமாக இருந்தது.

இந்த இடம் எனக்குப் புரியும். தங்கை கல்யாணத்துக்கு ஒரு பாட்டுப் போட உட்கார்ந்தேன். பல்லவி வந்தது, ஒரு சரணம் வந்தது, இரண்டாவது சரணம் வரவே இல்லை. இப்போது அவள் பையன் பள்ளிக்கூடம் போகிறான். கேட்டால் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்பேன். அது அலமாரியில் ஒரு பழைய சாக்ஸுக்குள் இருக்கிறது. வீட்டில் நாலு பேர் கூடினால் எனக்கும் அதே பட்டம்தான், ஆரம்ப சூரன். அதே சிரிப்புதான். சித்தப்பா சிரித்தால் பொறுத்துக்கொள்ளலாம். இசை தெரிந்த நீங்களுமா?

"2004-ல் லண்டன் மேடையில் 'ஸ்மைல்' ஆல்பத்தை முழுசாக வாசித்தாரே, முடித்துவிட்டாரே, அப்புறம் என்ன?" என்று ஒருத்தர் வருவார். 37 வருஷம் கழித்து! எழுந்து நின்று கைதட்டினார்கள், சந்தோஷம். வாசிக்காமலேயே அவர் போயிருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன்.

தங்கையை இதில் டேக் செய்யவில்லை. சாக்ஸ் விஷயத்தை யாரும் அவளிடம் போட்டுக்கொடுக்க வேண்டாம்.