ஐப்பசியில் நாடகம் பாருங்கள்

சென்னையில் நாடகம் பார்க்க எது நல்ல மாதம் என்று கேட்டால், யோசிக்காமல் ஐப்பசி என்பேன். "இந்த மழையில் யாராவது கிளம்புவார்களா?" என்று வீட்டில் திட்டு. அதற்காகத்தான் சொல்கிறேன். கோடையில் நாடக விழா, சபாவில் கூட்டம். மார்கழி வந்தால் அதே மேடைகள் கச்சேரிக்குப் போய்விடும், கேன்டீன் வாசலில்கூட வரிசை. நடுவில் இந்த ஈர மாதத்தில் வருகிறவர்கள் நாடகத்துக்காக மட்டுமே வருகிறவர்கள்.

போன வாரம் ஒரு சின்ன அரங்கு. வந்திருந்தது இருபத்திரண்டு பேர், எண்ணினேன். குடைகளை வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் செருகினோம். மேலே தகரக் கூரை. அப்பா வேஷக்காரர் மகளிடம் கடனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை. சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்தார், நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மழை குறையும்வரை அதேதான். மகளாக நடித்த பெண் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் இருந்த எனக்கு அந்தக் காகிதம் மடிப்பில் கிழிந்தது தெரிந்தது. ஒத்திகையில் இது இருந்திருக்காது.

"தமிழ் நாடகம் எப்பவோ செத்துப்போச்சு சார்" என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: கடைசியாக எப்போது டிக்கெட் வாங்கினீர்கள்? பாஸ் இருந்தால் சொல்லுங்க என்பதே பாதிப் பேரின் பதில். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய ஊர் இது. ந. முத்துசாமி 1977-ல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதும் இங்கேதான். அங்கே பழகிய பசுபதியையும் கலைராணியையும் திரையில் பார்த்தால் விசில் அடிக்கிறோம். அவர்கள் பழகிய மாதிரியான மேடைக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்க மட்டும் மனசு வருவதில்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. ஏழு மணி என்று போட்டுவிட்டு, சிறப்பு விருந்தினருக்காக ஏழே முக்கால்வரை எங்களை ஈரச் செருப்போடு உட்காரவைத்த ஒரு குழு உண்டு. பேர் வேண்டாம். அப்புறம், தீபாவளிக்கு முந்தைய வாரம் தி.நகர் வாணி மகால் அரங்கு பக்கம் போகாதீர்கள், ஜி.என். செட்டி சாலையைத் தாண்டுவதற்குள் பாதி நாடகம் முடிந்திருக்கும்.

எனக்கு எழும்பூர் மியூசியம் தியேட்டர்தான் பிடித்தது. 1896-ல் கட்டியது. அரைவட்டமாக இறங்கும் வரிசைகளில் எங்கே உட்கார்ந்தாலும் நடிகரின் முகம் தெரியும்.

இந்த ஞாயிறும் ஒரு நாடகம். வேறு அரங்கு, ஏசி உண்டு. வருகிறவர்கள் பையில் ஒரு மாற்றுச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நனைந்து வந்தவர்களுக்காக ஏசியைக் குறைக்க மாட்டார்கள்.