எரர் கோடு விழலன்னா வண்டில கோளாறே இல்லையா?

"இப்ப நல்லாத்தானே சார் இருக்கு"ன்னு இன்னொரு தடவை எந்த மெக்கானிக்காவது சொன்னா எனக்கு பிபி எகிறிடும். நல்லா இருக்கறப்ப பாக்கறதுக்கா வண்டிய கொண்டு வந்து விட்டேன்? டர்போ பெட்ரோல் இன்ஜின், நல்லா சூடானதுக்கப்புறம் ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடறப்ப, 750, 800ல நிக்க வேண்டிய ஆர்பிஎம் திடீர்னு 1700க்கு போய் அங்கயே உக்காந்துக்குது, ஆக்சிலரேட்டர் மேல காலே இல்ல, கொஞ்ச நேரத்துல அதுவா இறங்கிடுது, அப்புறம் நாள் கணக்கா ஒண்ணுமே இருக்காது. காலைல ஸ்டார்ட் பண்ணதும் 1200, 1300 போகும், அது புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடாகணும்னு ஈசியூவே, அதாவது இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரே, பண்றது, அத நான் கம்ப்ளெயின்ட்டாவே சொல்லல. ஆனா போற எடத்துல எல்லாம் எனக்கு அதத்தான் உக்கார வெச்சு விளக்குறாங்க.

ஆட்டோமேட்டிக்ல இது சும்மா சத்தம் ஜாஸ்தியா இருக்குங்கற விஷயம் இல்லங்க. டிராஃபிக்ல ஊர்ந்து போறப்ப பிரேக்ல இருந்து கால லேசா எடுத்தா வண்டி முன்னால பாயுது. முன்னாடி யாராவது ரோட்ட கிராஸ் பண்ணா எனக்கு வயித்தக் கலக்குது.

ஸ்கேனர மாட்டுறாங்க, கோடு இல்ல, முடிஞ்சுது வேலை. கோடு எப்படிய்யா விழும்? ஐடில் ஜாஸ்தின்னு சொல்ற பி0507 கோடு விழணும்னா ஈசியூ வெச்சிருக்க டார்கெட்ட விட ஐடில் கணிசமா ஜாஸ்தியா இருக்கணும், அதுவும் தொடர்ந்து கொஞ்ச நேரம் அப்படியே இருக்கணும், நிறைய வண்டில அடுத்தடுத்த ஓட்டத்துலயும் வந்தாத்தான் இன்ஜின் லைட்டே எரியும். வந்து வந்து போற கோளாறு அந்த கணக்குல மாட்டாது. காய்ச்சல் விட்ட நேரத்துல தெர்மாமீட்டர் வெச்சு பாத்துட்டு உங்களுக்கு காய்ச்சலே கிடையாதுன்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அப்புறம் ஆரம்பிச்சாங்க, குத்துமதிப்பா ஒவ்வொண்ணா கழட்டி மாத்துறது. இன்ஜினுக்குள்ள காத்த விடற த்ராட்டில் பாடிய கிளீன் பண்ணாங்க, சரி, கரி இருந்தா கிளீன் பண்ண வேண்டியதுதான், ஆனா பண்ணிட்டு அடாப்டேஷன் ரீசெட் பண்ணாம குடுத்துட்டாங்க, கரி படிஞ்ச த்ராட்டிலுக்கு பழகின ஈசியூ அதே அளவு தொறந்து வெச்சு ஐடில் இன்னும் மோசமாச்சு. அடுத்து கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் புதுசு. அடுத்து டர்போ அழுத்தின காத்த குளிர வெச்சு அனுப்புற இன்டர்கூலரோட ஹோஸ். இதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறல. இன்டர்கூலர் ஹோஸ் த்ராட்டிலுக்கு முன்னாடி இருக்கு. அங்க லீக் இருந்தா டர்போ தர்ற பிரஷர், அதான் பூஸ்ட், போகும், பிக்கப் போகும், பெட்ரோல்-காத்து மிக்சர் கெடும், ஆனா ஐடில்ல இன்ஜினுக்குள்ள போற காத்த த்ராட்டில் தட்டுதானே கட்டுப்படுத்துது, அதுக்கு முன்னாடி ஓட்டை இருந்தா ஆர்பிஎம் எப்படி 1700 போகும்? டர்போ வண்டின்னாலே கண்ண மூடிட்டு பூஸ்ட் லீக்கா?

முதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், அத ஒருத்தரும் கேக்கல. ஐடில ஈசியூ வேணும்னு ஏத்துதா, இல்ல ஈசியூ இறக்கப் பாத்தும் ஏறுதா? ஆர்பிஎம் ஏறி நிக்கற அந்த நேரத்துல லைவ் டேட்டால த்ராட்டில் எவ்வளவு தொறந்திருக்குன்னு பாத்தா போதும். வழக்கத்த விட அதிகமா தொறந்திருந்தா ஈசியூதான் ஏத்துது, அப்ப கூலன்ட் சென்சார், ஏசி லோடு, பேட்டரி சார்ஜ்னு அந்தப் பக்கம் போகலாம். த்ராட்டில் முழுசா மூடியும் ஆர்பிஎம் இறங்கலன்னா காத்து வேற வழில உள்ள போகுது. இதப் பாக்காம சென்சார் மாத்துறது வெறும் சூதாட்டம்.

கடைசில நானே ஈசியூ டேட்டாவ படிக்கற ஒரு ஓபிடி ரீடர் வாங்கி மாட்டி லாக் எடுத்தேன். ஏறினப்ப த்ராட்டில் கிட்டத்தட்ட மூடி இருக்கு. சரி வேக்குவம் லீக், அதாவது த்ராட்டிலுக்கு அப்புறம் ஓட்டை வழியா வெளிக் காத்து உள்ள போகுதுன்னு பாத்தா, ஃபியூயல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோல கூட்டிக் குறைக்கற அளவு, பூஜ்யத்துக்கு பக்கத்துலயே நிக்குது! என்னுது உள்ள போற காத்த அளக்கற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் வெச்ச வண்டி, வெளிக் காத்து உள்ள போனா அது கணக்குல வராம டிரிம் பிளஸ்ல எகிறணும். எகிறல. அப்ப உள்ள போறது சென்சார தாண்டி, அளந்து வந்த காத்து. டர்போவுக்கு முன்னாடி இருக்கற பிரீதர் ஹோஸ் வழியா இன்ஜினோட அடிப்பகுதியான கிராங்க்கேஸ், அங்கிருந்து அங்க சேர்ற வாயுவ திரும்ப இன்ஜினுக்கே அனுப்புற பிசிவி வால்வு வழியா, சிலிண்டருக்கு காத்து பிரிஞ்சு போற மேனிஃபோல்டு, அப்படி ஒரு சுத்து வழி இருக்கு. வெளிய எங்கயும் ஓட்டை இல்லாததால புகைய உள்ள விட்டு ஓட்டை தேடற ஸ்மோக் டெஸ்ட்ல புகையும் வெளிய வரல. அடுத்த தடவை ஏறினப்ப பிசிவி ஹோஸ பிளையர்ல நசுக்கிப் பிடிச்சேன், அந்த நொடியே 800க்கு இறங்கிடுச்சு. வால்வு உள்ள ஆயில் பிசுக்கு, சில நேரம் சிக்கி தொறந்தே நிக்குது.

டர்போ வண்டில மேனிஃபோல்டு ஐடில்ல உறிஞ்சும், மிதிச்சா பூஸ்ட்ல தள்ளும், அந்த வால்வு ரெண்டையும் தாங்கணும். பூஸ்ட் வர்றப்ப மூடலன்னா பிரஷர் கிராங்க்கேஸுக்குள்ள போகும், ஆயில பிரீதர் வழியா டர்போ இன்லெட்டுக்கு தள்ளும், நாளாக ஆக சீல்ல இருந்து கசியும். இன்டர்கூலர் ஹோஸ கழட்டினப்ப உள்ள ஆயில் வழிஞ்சிட்டு இருந்துச்சு, நான் கண்ணால பாத்தேன், துணி வெச்சு துடைச்சுட்டு புது ஹோஸ மாட்டினாங்க. இந்த ஆயில் எங்கிருந்து வருதுன்னு துடைச்ச மனுஷனுக்கு கேக்கத் தோணலையா? அன்னிக்கே அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தா வால்வ பிடிச்சிருக்கலாம்.

தேவையே இல்லாம மாத்தின சென்சார், ஹோஸ் ரெண்டுக்கும் காச திருப்பிக் குடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன். இன்னும் ஒரு பதிலும் வரல, நான் விடறதா இல்ல.