கப்பல் டூரை சேலத்திலேயே புக் பண்ண வேண்டுமா?

பள்ளி லீவு நெருங்கினால் சேலத்தில் இப்போது சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல் பேச்சுதான். அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் ஓயாத வாக்குவாதம்: கப்பல் நிற்கிற ஊர்களில் சுற்றிப் பார்க்கும் டூரை இங்கிருந்தே புக் செய்வதா, ஏறிய பிறகு பார்த்துக்கொள்வதா? "எல்லாத்தையும் இப்பவே போட்டுடுங்க சார், அங்க போனா கிடைக்காது" என்பார் ஏஜென்ட். அவருக்குக் கமிஷன். "இறங்கினா வண்டி வரிசையா நிக்கும்" என்பார் மச்சான். இரண்டு பேரும் எல்லா ஊருக்கும் ஒரே பதில் வைத்திருக்கிறார்கள், என் சண்டை அதோடுதான். துறைமுகத்துக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள்.

மலேசியாவின் பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்திலேயே, ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். இறங்கி நடந்தால் கொஞ்ச நேரத்தில் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. கடைகளில் தமிழிலேயே பேரம் பேசலாம். பினாங்கு மலை ரயிலோ கெக் லோக் சி கோயிலோ பார்க்க ஆசையென்றால் போனில் கிராப் வண்டியைக் கூப்பிட்டால் போதும். இந்த ஊருக்கு முன்கூட்டியே டூர் வாங்குவது தண்டச் செலவு.

போர்ட் கிளாங் இதற்கு நேர் எதிர். கோலாலம்பூர் அங்கிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல், டிராஃபிக் வேறு. நம் ஆட்கள் பத்துமலை முருகனைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். (வாழப்பாடி தாண்டி புத்திரகவுண்டன்பாளையத்தில், 2022இல் கும்பாபிஷேகம் நடந்த நம்ம முத்துமலை முருகன் 146 அடி. பத்துமலையில் 140 அடிதான். சொன்னால் யார் கேட்கிறார்கள்!) 272 படி ஏறி இறங்கி, போட்டோ எடுத்து, சாப்பிட்டு, அதே டிராஃபிக்கில் திரும்ப வேண்டும். இந்த மாதிரி ஊருக்குக் கப்பல் கம்பெனியின் சொந்த டூரை, கிளம்பும் முன்பே போட்டுவிடுவேன். அவர்கள் பஸ் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நாமே பிடித்த வேன் தாமதமானால் கேட்க ஆளில்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தனியார் டூர் போய்த் தாமதமாக வந்த 8 பேரை விட்டுவிட்டு நார்வீஜியன் டான் கப்பல் கிளம்பிவிட்டது. அவர்கள் செனகல் வரை துரத்த வேண்டி வந்தது.

ஏற்காடு ஏரிக்கரையில் டாக்ஸிக்காரரிடம் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று பேரம் பேசிப் பழகிய தைரியத்தில்தான் மச்சான் பேசுகிறார். ஏற்காட்டில் நேரமாகிவிட்டால் அடுத்த பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்துவிடலாம். கப்பலுக்கு அடுத்த பஸ் கிடையாது.

கப்பல் டூரை முன்பே எடுப்பதில் பெரிய நஷ்டமும் இல்லை. கிளம்பும் முன் வெப்சைட்டில் விலை பெரும்பாலும் குறைவு, நல்ல டூர்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், ஒரு கெடுவுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பும். அந்தக் கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், படித்துவிட்டுக் காசு கட்டுங்கள். கடல் கொந்தளித்து அந்த ஊரில் கப்பல் நிற்காமல் போனாலும் பணம் வந்துவிடும். தனியாரிடம் கட்டியிருந்தால், "கப்பல் வராவிட்டால் முழுப் பணம்" என்று எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

ஆனால் கப்பல் டூர் என்றால் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். ஒரு பஸ் நிறையக் கூட்டம், கொடி பிடித்த கைடு, நடுவில் யாரும் கேட்காத சாக்லேட் கடையில் அரை மணி நேரம். சைவச் சாப்பாடு உண்டா, எவ்வளவு படி ஏற வேண்டும் என்பதை வயதானவர்களுக்காக முன்பே கேட்டுவிடுங்கள். பக்கத்து இடங்களுக்கு நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் செலவும் குறைவு, அம்மாவுக்கு முடியவில்லை என்றால் உடனே திரும்பவும் செய்யலாம்.

ஏறிய பிறகு முடிவு செய்ய ஏற்றது புக்கெட் போன்ற ஊர். பல கப்பல்கள் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, சின்னப் படகில்தான் கரைக்கு விடுவார்கள். கப்பல் டூர்காரர்களுக்குப் பெரும்பாலும் முதல் படகு, மற்றவர்களுக்கு வரிசை. அன்றைய வானிலையையும் வரிசையையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், கடற்கரை மட்டும் போதுமென்றால் டூரே வேண்டாம். இன்னொன்று, தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கரையில் தானாக மாறிய போன் மூன்று மணி காட்டும்போது கப்பலில் நாலு மணி. கடைசிப் படகு கப்பல் நேரப்படிதான். இறங்கும்போது கப்பல் நேரம் வைத்த ஒரு சாதாரண வாட்ச் கட்டிக்கொள்ளுங்கள். மாமனாரின் பழைய எச்எம்டி போதும்.