கதூலுவ கணவா வறுவலாக்குனது யாரு?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க மொட்டைமாடி ரூம்ல ஆட்டம். கால் ஆஃப் கதூலு. தெரியாதவங்களுக்கு: கதூலுங்கிறது கடலுக்கடியில தூங்குற ஒரு கதைப் பூதம். ஆட்டத்துல தாயக்கட்டைக்குப் பதிலா பத்து முகம் உள்ள டைஸ், காய்க்குப் பதிலா நீங்களே ஒரு ஆளு. ஒருத்தர் கதை சொல்வாரு, கீப்பர்ம்பாய்ங்க, எங்க செட்டுல அது நான். மத்தவய்ங்க வாத்தியாராவோ போலீஸ்காரராவோ கதைக்குள்ள பூந்து நான் இதப் பண்றேன் அதப் பண்றேன்னு சொல்லணும்.

மூணு வாரமா ஒரு கடலோர ஊரு, காணாமப் போன படகு, தூங்குற ஆளு மூச்சு விடுற கணக்கா ஏறி எறங்குற தண்ணினு பில்டப் குடுத்து குடுத்து, கடைசியா கதூலு எந்திரிச்சு வர்ற எடத்துல ஆர்வக்கோளாறுல டேப்லெட்டத் திருப்பி ஒரு படத்தக் காமிச்சுட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அம்சமான படம், செதில் செதிலா மழைத்தண்ணி மின்னுது. ஒரு செகண்ட் அமைதி. அப்பறம் மெடிக்கல் ரெப் வேல பாக்குற மாப்ள சொல்றான், "ஏ இது கணவாடா, மொளகு தூக்கலா போட்டு வறுத்தா எப்பிடி இருக்கும்?" முடிஞ்சுச்சு சோலி. அடுத்த அஞ்சு நிமிசத்துல பரோட்டாவுக்கு போன் போட்டுட்டாய்ங்க.

கோவம் வந்துச்சு, ஆனா யோசிச்சுப் பாத்தா தப்பு என்மேலதான். அத விட பெரிய தப்பு இந்த ஆட்டத்துக்குப் படம் போடுறவங்க மேல. வரையத் தெரியாம இல்ல, ரொம்ப நல்லா வரைஞ்சுடுறாங்க, அதான் பிரச்சன.

விதியவே பாருங்க. சாண்டி பீட்டர்சன் எழுதி கேயாசியம் கம்பெனி 1981ல வெளியிட்ட ஆட்டம் இது. மத்த ஆட்டத்துல பூதம் அடிச்சா உசுரு கொறையும், இதுல பூதத்தப் பாத்தாலே புத்தி கொறையும். சானிட்டினு ஒரு கணக்கு, எவ்வளவு ஒசந்தாலும் 99தான். கதூலுவ நேர்ல பாத்தா டைஸ் நமக்குச் சாதகமா விழுந்தாக்கூட 1லேர்ந்து 10 வரைக்கும் போகும், விழலைன்னா 1லேர்ந்து 100 வரைக்கும் எவ்வளவு வேணா போகும். அதாவது ஒரே பார்வையில மொத்தமும் காலியாகலாம். இப்பிடி ஒரு விதிய அச்சடிச்சுட்டு அதே புக்குல கலர் கலரா அதோட படத்தையும் போட்டா என்னய்யா அர்த்தம்? நானுந்தான் டீயக் குடிச்சுக்கிட்டே பாத்துட்டு இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே.

இதே மாதிரி இன்னொரு ஆட்டம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதுல இது பிரச்சன இல்ல. மைண்ட் ஃபிளேயர்னு ஒரு பூதம், 1975லயே வந்துருச்சு, வாயச் சுத்தி கணவா காலு, அந்த ஆட்டத்த உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் ஒரு நாவலோட அட்டப்படத்தப் பாத்து யோசிச்சதுனு அவரே சொன்னதுதான். அங்க அது சண்டைக்கு வர்ற ஆளு, எங்கிட்டு வெட்டணும்னு தெரியணும்ல, படம் வேணும். கதூலுவ எங்கிட்டுய்யா வெட்டுவ, மூலக்கதையில கப்பல விட்டு மோதுனாக்கூட மறுபடி ஒண்ணு சேந்துக்கிருது.

அந்த மூலக்கதைதான் இதுல தமாஷு. அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் எழுதி 1928ல வியர்டு டேல்ஸ் பத்திரிகையில வந்தது. அதுல ஒரு சிற்பி கனவு கண்டுட்டு ஈரக் களிமண்ணுல ஒரு உருவத்தச் செஞ்சுட்டு வர்றான், அப்பறம் போலீஸ்காரர் ஒருத்தர் கையில ஒரு கல்லு பொம்ம இருக்கு. ஆக்டோபஸ் தல, செதில் ஒடம்பு, நகம், முதுகுல ரெக்க எல்லாம் அந்தப் பொம்மைய வர்ணிக்கிற எடத்துலதான் வெவரமா வருது. நெசமாவே அது கடல்லேர்ந்து எந்திரிச்சு வர்றப்ப, வழவழ பச்ச மல கணக்கா ஏதோ ரெண்டு வார்த்த சொல்லிட்டு, இத வர்ணிக்க மொழியே கெடையாதுன்னு நழுவிடுறாரு மனுசன். 1934ல அவரே கையால வரைஞ்ச படம் ஒண்ணு இருக்கு, அதுவும் பீடத்துல உக்காந்திருக்கிற செலையத்தான் வரைஞ்சாரு. ஆக நாம இத்தன வருசமா வரைஞ்சுக்கிட்டு இருக்கிறது அத இல்ல, அதோட பொம்மைய. நம்மூரு வெளாச்சேரி களிமண் பொம்மைய வச்சுக்கிட்டு இதான்டா நெசம்னு சாதிக்கிற மாதிரி.

இதுல நல்ல படமே இல்லையானு கேட்டா, இருக்கு. 1980ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக வந்த டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் புக்குல எரோல் ஓட்டஸ் வரைஞ்ச கதூலு கூட்டம் இருக்கே, பின்னாடி வந்த பதிப்புல அந்தப் பகுதியவே தூக்கிட்டாங்க, அந்தப் படங்கள நான் நெட்லதான் பாத்தேன். அனாட்டமி சரியில்ல, எது கையி எது காலுனு புரியல, வரைஞ்சவருக்கே லேசா காய்ச்சல் அடிச்ச மாதிரி இருக்கும். அதான் வேணும். 1988ல டாம் சல்லிவன் படத்தோட வந்த கதூலு பூதங்களோட ஃபீல்டு கைடும் எனக்குப் புடிக்கும், பறவ பாக்குறவங்க வச்சிருப்பாங்களே அந்த மாதிரி, பக்கத்துல ஒரு மனுச நெழல் நிப்பாட்டி எவ்வளவு ஒசரம்னு காட்டியிருப்பாங்க. அழகான புக்கு, ஆனா பயம்? ஒசரம் தெரிஞ்சு போச்சுன்னா அது வண்டலூர் ஜூவுல கூண்டுக்குள்ள நிக்கிற மிருகம் மாதிரிதான்.

எனக்குப் பொழப்பு ஃப்ளெக்ஸ் டிசைன். காதுகுத்து, வசந்தவிழா, கண்ணீர் அஞ்சலி, எதுவா இருந்தாலும் வர்றவங்க சொல்றது ஒண்ணுதான்: மொகம் பெருசா தெரியணும், பக்கத்துல ஒரு சிங்கம் வேணும். மதுரையில ஒரு இஞ்ச் எடத்தச் சும்மா விட்டா காசு குடுக்க மாட்டாய்ங்க. நானும் அந்தப் பழக்கத்துலதான் டேப்லெட்டத் திருப்பியிருக்கேன். லவ்கிராஃப்டோட இன்னொரு கதையில வர்றது வெறும் ஒரு நெறம், பூமியில இல்லாத நெறம். அத நாலு இங்க்குல எப்பிடிய்யா பிரிண்ட் எடுப்ப? நான் பாத்த படமெல்லாம் ஒண்ணு ஊதா, இல்லாட்டி ரோஸு.

யாளிய எடுத்துக்கோங்க. சிங்க ஒடம்பு, தும்பிக்கை, பாதி புக்குல இருக்கிற பூதமெல்லாம் இதுகிட்ட பிச்ச வாங்கணும். ஆனா மீனாட்சி கோயில் முன்னாடி இருக்கிற புதுமண்டபத்துல அந்த யாளிக்குக் கீழயே வருசக்கணக்கா தையல் மிசின் ஓடுச்சு, எங்க அம்மா அங்கன நின்னுதான் ஜாக்கெட் அளவு குடுத்துச்சு, யாரும் பயப்படல. முழுசா கண்ணுக்குத் தெரியுதுல்ல.

அப்பிடியே அழகர்கோயிலுக்கு வாங்க. பதினெட்டாம்படி கருப்பு. செலை இல்ல, சாத்துன கதவு, அதுக்குச் சந்தனம், மாலை, அம்புட்டுதான். கோடி ரூவா சொத்துத் தகராறுல சலம்புற ஆளெல்லாம் அந்தக் கதவு முன்னாடி வந்து சத்தியம் பண்ணுன்னா வாய மூடிக்கிட்டு ஒதுங்குறத நானே பாத்திருக்கேன். அழகரு மதுரைக்குக் கெளம்பறப்பக்கூட நகைக் கணக்க இவருகிட்ட வாசிச்சுக் காட்டிட்டுதான் கெளம்பணும். (சாமியப் போயி பூதத்தோட சேத்துட்டான்னு சண்டைக்கு வராதீங்க, எங்க பாட்டி வழியில எனக்குக் குலசாமி அவருதான். நான் பேசுறது கதவப் பத்தி.)

அதான் அடுத்த ஆட்டத்துக்குப் படமே இல்ல. கத நடக்குற எடத்தையும் நம்ம நாகமலைப் பக்கம் மாத்திட்டேன். சாயந்தரம் கடைய சாத்திட்டு பழைய முத்திரைத்தாள் மாதிரி டிசைன் பண்ணி, டீத்தண்ணியில முக்கிக் காயவச்சு மூணு பத்திரம் ரெடி பண்ணுனேன். 1911, 1926, 1934. மூணும் ஒரே நெலம். செக்குபந்தியும், அதாவது நாலு பக்க எல்லையும், வரி மாறாம அதேதான்: ஓடைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு, படுத்திருப்பதற்கு மேற்கு. விஸ்தீரணம் மட்டும் மொதப் பத்திரத்துல 2 ஏக்கர் 10 சென்ட், ரெண்டாவதுல 1 ஏக்கர் 64, மூணாவதுல 80 சென்ட்.

மொதல்ல எவனும் கண்டுக்கல. டைஸு கீழ விழுந்து தேடிக்கிட்டு இருந்தாய்ங்க. கணவா வறுக்கச் சொன்ன மாப்ளதான் மூணையும் வரிசையா வச்சு வெரல விட்டு வாசிச்சான், மறுபடி வாசிச்சான், "ஏன்டா மூணு பக்கமும் நகரலைல்ல, அப்ப நாலாவது பக்கம்..."னு சொல்லிட்டு நிப்பாட்டிட்டான். யாரும் பரோட்டாவப் பத்திப் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு ஒருத்தன் மெதுவா, "இப்ப வீடு கட்டியிருக்கிறது ஓடையிலேர்ந்து எவ்வளவு தூரம்?"னு கேட்டான்.

நாளைக்கு மறுபடி ஆட்டம். மாப்ள அவய்ங்க வீட்டுப் பத்திரத்த எடுத்துப் பாத்தேன்னு காலையில மெசேஜ் போட்டிருக்கான், கெழக்கால வாய்க்கால்தானாம்.