வன்கொடுமைப் புகார்: வாட்ஸ்அப்பில் சுற்றும் தவறான தகவல்

"டி.எஸ்.பி. முதலில் விசாரித்த பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முடியும், உச்ச நீதிமன்ற உத்தரவு" என்று ஒரு செய்தி பரவுகிறது. தவறு.

பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பாதுகாக்கும் இந்தச் சட்டம் பற்றி அப்படிச் சொன்னது 2018 மார்ச் தீர்ப்பு, இப்போது அது செல்லாது. அதே ஆண்டு நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தில் சேர்த்த 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே அந்தப் பிரிவை உறுதிசெய்தது. 'இந்தியா கோடு' அரசுத் தளத்தில் சட்டத்தைப் படித்துப் பார்க்கலாம். டி.எஸ்.பி.யின் புலன்விசாரணை எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு வருவது, குழப்பம் இங்கேதான்.

புகாரை வாய்மொழியாகச் சொன்னாலும் காவலர் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகத் தர வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், உதவிக்கு 14566 என்ற எண்ணை அழையுங்கள். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால், அந்த இழிசொல்லைச் சொன்னபடியே புகாரில் எழுதுங்கள். இடம், நேரம், உடனிருந்தவர்கள் பெயர் விடுபட்டால் வழக்கு பலவீனமாகும்.

அந்தச் செய்தியை நம்பிப் பலர் காவல் நிலையப் படியே ஏறாமல் இருந்துவிடக்கூடும். தயவுசெய்து பகிராதீர்கள்.