ஆயிரம் பேருக்கு டெஸ்ட் எடுத்தால் 59 பாசிட்டிவ், அதில் 9 பேருக்குத்தான் நோய்

படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும் பிள்ளைகள், திரும்பிப் போவதற்குள் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் ஒரு ஃபுல் பாடி செக்கப் எடுத்துவிடுவது இப்போது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வழக்கமாகிவிட்டது. நல்ல அக்கறைதான். ஆனால் அந்தப் பேக்கேஜில் சிஏ 125, சிஇஏ என்று, ரத்தத்தில் அளந்து பார்க்கும் புற்றுநோய் மார்க்கர்களையும் (அடையாளப் பொருள்கள்) சேர்த்து விற்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை டெஸ்ட் பிடிக்கிறது என்பது சென்சிட்டிவிட்டி. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டுகிறது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. இரண்டுமே, யாருக்கு நோய் என்று முன்பே தெரிந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. ரிப்போர்ட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பவரின் கேள்வி வேறு: "பாசிட்டிவ் வந்திருக்கே, எனக்கு நோய் இருக்குமா?" இதற்குப் பதில் சொல்ல இன்னொரு எண் வேண்டும். டெஸ்ட் எடுக்கும் முன்பே இவருக்கு அந்த நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது?

ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர் இது, கணக்காகவே பார்ப்போம். சென்சிட்டிவிட்டி 90%, ஸ்பெசிஃபிசிட்டி 95% உள்ள ஒரு டெஸ்ட். ஒரு செக்கப் முகாமுக்கு வந்த 1000 பேரில் 10 பேருக்கு நோய். அந்த 10 பேரில் 9 பேர் பாசிட்டிவ். மீதி 990 பேரில் 5%, அதாவது ஏறக்குறைய 50 பேர், நோயே இல்லாமல் பாசிட்டிவ். மொத்தம் 59 பாசிட்டிவில் உண்மை 9, சுமார் 15%. இதே டெஸ்ட்டை, அறிகுறியோடு வந்து 1000 பேரில் 400 பேருக்கு நோய் இருக்கும் இடத்தில் எடுத்தால் 390 பாசிட்டிவ், அதில் 360 உண்மை. 92%. கிட் மாறவில்லை, ஆள்தான் மாறினார். இங்கே இன்னொன்றும் உண்டு: நோய் உள்ள 40 பேருக்கு நெகட்டிவ் வந்திருக்கும். அறிகுறி பலமாக இருந்தால் ஒரு நெகட்டிவை நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

சிஏ 125, எண்டோமெட்ரியோசிஸிலும் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) வயிற்றுக் காசநோயிலும் மாதவிடாய் நாட்களிலும்கூட ஏறும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. இந்த மார்க்கரை வைத்து வருடாவருடம் சோதித்தும் சினைப்பைப் புற்றுநோய் மரணம் குறிப்பிடும்படி குறையவில்லை. பயமும் ஸ்கேன் செலவும், சிலருக்குத் தேவையில்லாத ஆபரேஷனும்தான் மிச்சம்.

அடுத்தது வைடால், டைபாய்டுக்கான ரத்த டெஸ்ட். காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே ஸ்லைடு வைடால் எடுத்து "டைபாய்டு" என்று எழுதுவது இன்னும் நிற்கவில்லை. வைடால் பார்ப்பது, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான் நன்றாக ஏறும். முன்பு வந்த டைபாய்டு, தடுப்பூசி, வேறு காய்ச்சல்கள் எல்லாமே அதை ஏற்றிக் காட்டும். முதல் வாரத்தில் கேட்க வேண்டியது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். 2 மில்லி எடுத்தால் கிருமி சிக்காமலே போகலாம். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு வேளை போட்டுவிட்டு வந்தாலும் அதே கதிதான். கல்ச்சரும் எல்லா டைபாய்டையும் பிடித்துவிடாது, சுமார் 60% பிடிக்கும்.

டெங்குவில் நாள் கணக்குதான் முக்கியம். வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 முதல் ஐந்து நாட்களுக்கு நல்லது, அதற்குப் பிறகு எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம். இரண்டாம் முறை டெங்கு வந்தவருக்கு என்எஸ்1 தவறவிடும் வாய்ப்பு அதிகம். கார்டு டெஸ்ட்டில், டெஸ்ட் சரியாக ஓடியதைக் காட்டும் 'சி' கோடு வராவிட்டால் அந்த டெஸ்ட்டே செல்லாது. கிட்டுக்குள் மடித்து வைத்த தாளில் போட்டிருக்கும் நேரம் தாண்டி, ஒரு மணி நேரம் கழித்து, முடிவைக் காட்டும் 'டி' பக்கம் மங்கலாக ஒரு கோடு தெரிந்தால் அதைப் பாசிட்டிவ் என்று படிக்கக்கூடாது.

அதே தாளில் சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி 98%, 99% என்று அச்சடித்திருப்பார்கள். நோய் முற்றியவர்களையும் முழு ஆரோக்கியமானவர்களையும் மட்டும் ஒப்பிட்டால் எந்த டெஸ்ட்டும் நன்றாகத்தான் தெரியும். யாரிடம் சோதித்தார்கள் என்று பாருங்கள்.

பாசிட்டிவில் சந்தேகம் என்றால் அதே கிட்டில் மறுபடி எடுப்பதில் பெரிய பயனில்லை. முதல் முறை ஏமாற்றிய அதே பொருள் ரத்தத்தில் இன்னும் இருக்கும். வேறு முறையில் செய்யும் டெஸ்ட் வேண்டும். அறிகுறி இல்லாதவருக்கு எச்ஐவி என்று சொல்வதற்கு முன் அரசு மையங்களில் வெவ்வேறு மூன்று கிட்டுகளில் பார்ப்பது இதனால்தான். லேபில் பெயர் எழுதிக் கொடுக்கும்போது காய்ச்சல் எத்தனையாவது நாள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டைப் படிக்கும் டாக்டருக்கு அந்த இரண்டு வரி வேண்டும்.